பக்கவாதத்துக்குப் பிறகு அம்மா கோலம் போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. ஐந்து மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பாதிக்கப்பட்டன. இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார், பிசியோதெரபியில் பந்து அழுத்துகிறார். வீட்டில் மட்டும் அந்தக் கையை எதற்கும் எடுப்பதில்லை. கோலம் போட ஆசைப்படுகிறார். விடலாமா?

பதில்: தாராளமாக விடுங்கள். பந்தை அழுத்திப் பழகினால் பந்து அழுத்தத்தான் வரும். கோலம் வர வேண்டுமானால் கோலத்தையே பழக வேண்டும். அதுவும் அவரே கேட்கிறார், இதைவிட என்ன வேண்டும்?

கனடாவில் ஹெலீன் பொலட்டாய்கோவும் ஏஞ்சலா மேண்டிச்சும் உடலசைவில் தடுமாறும் குழந்தைகளுக்காக உருவாக்கிய 'கோ-ஆப்' முறையை இப்போது பக்கவாதம் வந்தவர்களுக்கும் பயன்படுத்துகிறோம். இலக்கு, திட்டம், செய், சரிபார்: இவ்வளவுதான். ஆனால் திட்டம் போடுவது அம்மா. நீங்கள் கேள்வி கேட்கலாம், விடை சொல்லக் கூடாது.

முதலில் தரை வேண்டாம், குனிந்தால் விழ வாய்ப்புண்டு. மேசையில் ஒரு தாம்பாளம், கொஞ்சம் கோலமாவு, மூன்று புள்ளி போதும். மாவு கொத்தாக விழும். "மெதுவா விடும்மா" என்று சொல்ல நாக்கு துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். "எங்கம்மா தடுமாறுது?" என்று கேளுங்கள். "விரல் இறுகிக்குது, மாவை விடமாட்டேங்குது" என்பார். "அப்போ என்ன பண்ணிப் பார்க்கலாம்?" முழங்கையை மேசையில் ஊன்றிப் பார்க்கிறேன் என்பார், இல்லை மாவைக் குறைத்து எடுக்கிறேன் என்பார். அது சரிவராது என்று உங்களுக்குத் தெரிந்தாலும், ஆபத்து இல்லாதவரை செய்யட்டும். ஏன் வரவில்லை என்று அவரே கண்டுபிடித்தால், ரவிக்கை ஊக்கு மாட்டும்போதும் அதே வழியில் யோசிப்பார்.

தொடங்கும் முன், கோலம் எப்படி வருகிறது, பத்துக்கு எவ்வளவு என்று அம்மாவையே மதிப்பெண் போடச் சொல்லுங்கள், சில வாரம் கழித்து மறுபடியும். நம் வீடுகளில் பாசமே இடைஞ்சல்: "நீ உட்காரும்மா, நான் பார்த்துக்கறேன்."

களைப்பதற்குள் நிறுத்துங்கள். பலவீனமான கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் கெடும். கையில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாது, அடுப்பு இப்போதைக்கு வேண்டாம். எதிலுமே நாட்டமில்லை என்று ஒதுங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்குச் சிகிச்சை உண்டு.

தாம்பாளத்தில் கை பழகிய பிறகு வாசலைப் பற்றி யோசிக்கலாம். எப்படி உட்காருவது, எதைப் பிடித்து எழுவது என்பதையும் அம்மாவிடமே கேளுங்கள். முதல் சில நாள் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளை மறுபடி செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) உடன் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நீங்கள் அவருடைய வலது பக்கம் நில்லுங்கள்.