அந்த லிங்கைத் தட்டலாமா? மோசடி மெசேஜ்கள் பற்றிய கேள்வி பதில்

ஓர் அலுவலகத்தின் மின்னஞ்சல் சர்வரைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொள்பவள் நான். மோசடி மெசேஜ், போலி மின்னஞ்சல் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, எழுத்துப்பிழை இருந்தால் மோசடி என்று படித்திருக்கிறேன். இப்போது வருபவற்றில் பிழையே இல்லையே? (கல்லூரி மாணவி)

அந்தக் காலம் போய்விட்டதம்மா. ஏஐ வந்த பிறகு திருடனுக்கும் நல்ல நடை வாய்த்துவிட்டது. வேண்டுமென்றே அபத்தமாக எழுதப்படுபவையும் உண்டு. 'நான் ஓர் இளவரசன், என் சொத்தை வெளியே கொண்டுவர உதவுங்கள்' என்ற ரகம். இதையா இன்னும் அனுப்புகிறார்கள் என்று நாம் சிரிக்கிறோம். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கார்மாக் ஹெர்லி 2012இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். சிரிப்பவர்கள் முதலிலேயே விலகிவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். மிச்சம் இருப்பவர்களோடு மட்டும் நேரத்தைச் செலவழித்தால் போதுமே. அதாவது அந்த மெசேஜே ஒரு சல்லடை.

அதனால் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்காதே, உன்னை என்ன செய்யச் சொல்கிறது என்று பார். போன வாரம் எனக்கு வந்த ஒன்று: 'முகவரி தெளிவில்லாததால் உங்கள் பார்சலை ஒப்படைக்க முடியவில்லை. 12 மணி நேரத்துக்குள் இங்கே புதுப்பிக்கவும். தவறினால் திருப்பி அனுப்பப்படும்.' பிழை ஒன்றும் இல்லை. ஆனால் எந்தப் பார்சல், யார் அனுப்பியது என்று ஒரு விவரமும் இல்லை. பார்சலுக்காகக் காத்திருக்கும் யாருக்கும் பொருந்துகிற சட்டை அது. சோதனைக்கென்று வைத்திருக்கும் கணினியில் அந்த லிங்கைத் திறந்து பார்த்தேன் (நீ செய்யாதே). முதல் பக்கம் முகவரி கேட்டது. இரண்டாவது பக்கம் 'மறு விநியோகக் கட்டணம்' என்று ஒரு சில்லறைத் தொகையைக் காட்டி, கார்டு எண்ணைக் கேட்டது. சில்லறை அவனுக்கு வேண்டாம், கார்டு எண்தான் வேண்டும். அந்த 12 மணி நேரக் கெடு எதற்கு? அவசரத்தில் அண்டாவுக்குள் கூடக் கை போகாது, அதற்குத்தான்.

வங்கியிலிருந்து வழக்கமாக வரும் மெசேஜ்களுக்குக் கீழேயே, அதே பெயரில் போலி மெசேஜும் வந்திருக்கிறது. இது எப்படி முடியும்? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

முடியும் ஐயா. எஸ்எம்எஸ் அனுப்பும்போது எண்ணுக்குப் பதிலாக 11 எழுத்துக்குள் ஒரு பெயரைப் போட்டுக்கொள்ள வசதி இருக்கிறது. எந்தப் பெயர் என்பதை அனுப்புபவரே நிரப்புகிறார். பெயரை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும் என்று விதி வைத்திருக்கும் நாடுகளில் இது சற்றுக் கடினம், இல்லாத இடங்களில் சுலபம். உங்கள் போன் பெயரை மட்டும்தான் பார்க்கிறது. ஒரே பெயர் என்றால் ஒரே ஆள் என்று நினைத்து, எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடுக்கிவிடுகிறது. எனவே மேலே இருப்பவை உண்மையானவை என்பது, கீழே இருப்பதற்குச் சான்று ஆகாது.

லிங்கைப் பார்த்தே கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள். (பலர்)

இதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். கணினியில் லிங்க் மேல் மவுஸைத் தட்டாமல் வைத்தால், உண்மையில் எங்கே போகும் என்பது திரையின் கீழ் மூலையில் தெரியும். போனில் விரலை அழுத்திப் பிடித்தால் தெரியும். கை தவறினால் திறந்தேவிடும், ஆகவே போனில் இதைச் செய்ய நான் அவ்வளவாகச் சொல்வதில்லை.

முகவரி கிடைத்ததா? தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோடு வரை படியுங்கள். அதற்குப் பிறகு இருப்பதை அப்போதைக்கு மறந்துவிடுங்கள். இப்போது பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். 'என்வங்கி.காம்.கணக்கு-சரி.நெட்/உள்நுழை' என்று ஒரு முகவரி என்று வைத்துக்கொள்வோம். சாய்கோட்டுக்கு முன் கடைசியாக இருப்பது 'கணக்கு-சரி.நெட்'. அவன்தான் சொந்தக்காரன். முன்னால் இருக்கும் 'என்வங்கி.காம்' வெறும் அலங்காரம். நம் பெயர்களைப் போலத்தான்: முன்னெழுத்தும் பட்டமும் எத்தனை போட்டுக்கொண்டாலும், ஆள் யார் என்று கடைசியில் வரும் பெயர்தான் சொல்லும். சில நாட்டு முகவரிகள் 'கோ.யுகே' என்பதுபோல் இரண்டு துண்டாக முடியும். அங்கே இன்னும் ஒரு துண்டு சேர்த்துப் படிக்க வேண்டும்.

எழுத்திலும் ஏமாற்று உண்டு. 'ஔவை' என்பதில் வரும் ஔ ஒரே எழுத்து. ஒ, ள இரண்டையும் தனித்தனியாகத் தட்டினாலும் கண்ணுக்கு அப்படியே தெரியும், ஆனால் கணினிக்கு அது வேறு சொல். ஆங்கில முகவரியிலும் இதே கதைதான். சின்ன 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றால் 'எம்' மாதிரி இருக்கும். ரஷ்ய மொழியின் 'அ' எழுத்து ஆங்கில 'ஏ'யை அச்சாக ஒத்திருக்கும். 2017இல் ஓர் ஆய்வாளர் இப்படி வேற்று எழுத்துக்களை மட்டுமே கொண்டு ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி போலவே ஒன்றைப் பதிவு செய்து காட்டினார். அப்போதைய குரோம், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்கள் இரண்டிலுமே வித்தியாசம் தெரியவில்லை.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: நான் பெரும்பாலும் லிங்கைப் படிப்பதே இல்லை. வங்கி என்றால் வங்கியின் ஆப்பை நானே திறப்பேன். பார்சல் என்றால் வாங்கிய தளத்தில் நானே போய்ப் பார்ப்பேன். விஷயம் உண்மையாக இருந்தால் அங்கேயும் இருக்கும். 2016 மார்ச்சில், அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்ற ஹிலாரி கிளின்டனின் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு, 'யாரோ உங்கள் பாஸ்வேர்டைத் தெரிந்துகொண்டார்கள், உடனே மாற்றுங்கள்' என்று கூகுள் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. சந்தேகப்பட்டு கணினிப் பிரிவிடம் கேட்டார்கள். 'உண்மையானதுதான்' என்று தவறுதலாகப் பதில் வந்தது. ஆனால் அந்தப் பதிலிலேயே கூகுளின் சரியான முகவரியும் இருந்தது. அதன் வழியாகப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. தட்டியதோ முதல் மின்னஞ்சலில் இருந்த லிங்கை. பிறகு அவருடைய அஞ்சல்கள் ஆயிரக்கணக்கில், ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்தில் வந்தன.

பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்புதானே?

இல்லை. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதுதான் அதன் பொருள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் திருடனா என்று பூட்டுக்குத் தெரியாது. பூட்டு வருவதற்குத் தேவையான சான்றிதழைப் போலித் தளங்களும் இலவசமாக வாங்கிக்கொள்கின்றன. இந்தக் குழப்பத்தாலேயே குரோம் 2023இல் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டது.

மின்னஞ்சலில் அனுப்புநர் முகவரி சரியாகவே இருக்கிறது. அப்போது நம்பலாமா? (அலுவலக உதவியாளர்)

மின்னஞ்சல் அனுப்பும் முறை 1982இல் வகுக்கப்பட்டது. அனுப்புநர் பெயரைச் சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. தபால் உறையின் பின்பக்கம் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் இல்லையா, அப்படி. பின்னாளில் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று காவல்கள் வந்தன. பெரிய நிறுவனங்களின் முகவரியைப் போலியாகப் போடுவது இப்போது கடினம்தான். ஆனால் உங்கள் நண்பரின் கணக்கையே திருடி, அதிலிருந்து அனுப்பினால் எல்லாக் காவலையும் தாண்டி வரும். அப்புறம், பெரும்பாலான போன் ஆப்கள் முகவரியைக் காட்டுவதில்லை, பெயரை மட்டும் காட்டும். பெயரின் மேல் ஒரு தட்டு தட்டினால்தான் முகவரி வெளியே வரும்.

வழக்கமாகப் பொருள் அனுப்பும் நிறுவனம், தன் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி புதிய கணக்குக்குப் பணம் போடுங்கள் என்று எழுதியிருக்கிறது. பழைய அஞ்சல்களின் தொடர்ச்சியாகவே வந்தது. (கணக்கர்)

நிறுத்துங்கள் சார். அந்த அஞ்சலில் இருக்கும் எண்ணுக்கு அல்ல, உங்கள் பழைய கோப்பில் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டு, தெரிந்த குரலிடம் கேட்டுவிட்டுப் பணம் அனுப்புங்கள். கூகுளும் ஃபேஸ்புக்கும் இந்த வலையில் விழுந்திருக்கின்றன. லித்துவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமாசவுஸ்காஸ், அவர்களுக்கு உண்மையிலேயே உபகரணம் தரும் தைவான் நிறுவனத்தின் பெயரில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, 2013 முதல் 2015 வரை போலி பில் அனுப்பி 10 கோடி டாலருக்கு மேல் கறந்தார். 2019இல் அவருக்கு 5 வருடச் சிறை. அவர் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. பில் வந்தது, பணம் போனது.

லிங்கைத் தட்டிவிட்டேன், ஆனால் எதையும் நிரப்பவில்லை. போச்சா?

போகவில்லை. பக்கத்தை மூடுங்கள். ஏதாவது டவுன்லோட் ஆகியிருந்தால் திறக்காமல் அழியுங்கள். போன், பிரவுசர் இரண்டுக்கும் வந்திருக்கும் அப்டேட்டைப் போட்டுவிடுங்கள். 'இவர் தட்டுவார்' என்று அவர்கள் குறித்துக்கொண்டிருக்கலாம், இனி மெசேஜ் கூடலாம். அவ்வளவுதான்.

நான் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் கொடுத்தேவிட்டேன். என்ன செய்வது? (பெயர் வேண்டாம் என்றவர்)

கார்டு அல்லது வங்கி விவரம் என்றால் மற்றதெல்லாம் பிறகு. கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்குப் போன் போட்டு முடக்கச் சொல்லுங்கள். நிமிடங்கள் முக்கியம். அதன்பின் உங்கள் நாட்டின் சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள்.

மின்னஞ்சல் கணக்கு என்றால், நேராக உண்மையான தளத்துக்குப் போய் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு, 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்பதைத் தட்டுங்கள். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு, ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவனை விட்டுவைப்பவர்கள் அதிகம். பிறகு செட்டிங்ஸில் மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். பலர் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு: ஃபில்டரும் ஃபார்வர்டும். ஒருமுறை எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குப் பாஸ்வேர்ட் மாற்றி மூன்று வாரம் ஆகியும் விஷயம் கசிந்துகொண்டே இருந்தது. பார்த்தால், 'பில்' என்ற சொல் இருக்கும் அஞ்சலையெல்லாம் வெளி முகவரிக்கு ஒரு பிரதி அனுப்பு என்று திருடன் ஒரு விதி எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். அதே பாஸ்வேர்டை வேறு எங்கெல்லாம் வைத்திருந்தீர்களோ அங்கேயும் மாற்றுங்கள்.

'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று அடுத்த வாரம் யாராவது வருவார்கள். அவர்கள் அதே கூட்டம், அல்லது பட்டியலை அவர்களிடம் வாங்கிய கூட்டம்.

என் பழைய பாஸ்வேர்டைக் குறிப்பிட்டு, 'உன் கேமராவில் உன்னைப் படம் எடுத்துவிட்டேன், பணம் கொடு' என்று மிரட்டல் வந்திருக்கிறது. தூக்கமே இல்லை.

தூங்குங்கள். படம் எதுவும் இல்லை. எப்போதோ ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலில் உங்கள் முகவரியும் அந்தப் பாஸ்வேர்டும் இருந்திருக்கின்றன. அதை வைத்து லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரே கடிதம் போகிறது. படம் இருந்தால் ஒரு துண்டாவது காட்டியிருப்பான். பணம் அனுப்பாதீர்கள், பதிலும் வேண்டாம். அந்தப் பாஸ்வேர்ட் எங்காவது இன்னும் புழக்கத்தில் இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

திட்டிப் பதில் அனுப்பலாமா?

ஆசை புரிகிறது. வேண்டாம். இந்த எண்ணில் ஆள் இருக்கிறார் என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததாக ஆகும். ஐபோனில் தெரியாத எண்ணிலிருந்து வரும் லிங்க் தானாக வேலை செய்யாது. அதனால்தான் 'ஒய் என்று பதில் அனுப்பவும்' என்று கேட்கிறார்கள். பதில் போட்டால் அந்தத் தடை நீங்கிவிடும்.

அப்பா ஏமாந்துவிட்டார். வெட்கத்தில் யாரோடும் பேசுவதில்லை. (மகள்)

அவரிடம் ட்ராய் ஹன்ட் கதையைச் சொல்லம்மா. நம் மின்னஞ்சல் முகவரி ஏதாவது தகவல் கசிவில் சிக்கியிருக்கிறதா என்று தேடிப் பார்க்க 'ஹேவ் ஐ பீன் போன்ட்' என்ற தளத்தை 2013இல் தொடங்கியவர், இந்தத் துறையில் எல்லோரும் மதிக்கும் ஆள். 2025 மார்ச்சில் அவரே ஏமாந்தார். நீண்ட விமானப் பயணக் களைப்பில் இருந்தபோது, 'உங்கள் அஞ்சல் பட்டியல் மீது புகார் வந்திருக்கிறது' என்று ஒரு மின்னஞ்சல். பாஸ்வேர்டைச் சேமித்துவைத்து உரிய தளத்தில் மட்டும் நிரப்பும் பாஸ்வேர்ட் மேனேஜர், அங்கே தானாக நிரப்பவில்லை. அதை எச்சரிக்கை என்று எடுத்துக்கொள்ளாமல் கையால் நிரப்பினார், ஓடிபியும் கொடுத்தார். அவருடைய அஞ்சல் பட்டியலில் இருந்த சுமார் 16,000 பேரின் முகவரிகள் போயின. அன்றே அதை அவரே ஊரறிய எழுதினார்.

ஓடிபியும் போதாது என்றால் வேறு என்னதான் இருக்கிறது?

பாஸ்கீ. பாஸ்வேர்டுக்குப் பதிலாக உங்கள் போனிலோ கணினியிலோ இருக்கும் ஒரு டிஜிட்டல் சாவி அது. ஓடிபியை நீங்கள் போலிப் பக்கத்தில் நிரப்பினால், அவன் அதே நொடியில் உண்மைத் தளத்தில் நிரப்பிவிடுவான். பாஸ்கீ எந்தத் தளத்துக்காக உருவானதோ அந்த முகவரியில்தான் வேலை செய்யும். உங்கள் கண் ஏமாந்தாலும் அது ஏமாறாது. கூகுள் 2017 தொடக்கத்தில் இதே தத்துவத்தில் இயங்கும் சிறிய சாவிக் கருவிகளை 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குக் கட்டாயமாக்கியது. அதன்பின் ஒருவருடைய அலுவலகக் கணக்கும் இப்படித் திருடப்படவில்லை என்று 2018இல் சொன்னது. முதலில் மின்னஞ்சல் கணக்குக்குப் போடுங்கள். மற்ற எல்லாக் கணக்கின் பாஸ்வேர்டையும் மாற்றும் வழி அதற்குள்தான் இருக்கிறது.

சந்தேகமான மெசேஜ் வந்தால் உங்களுக்கு அனுப்பிக் கேட்கலாமா அக்கா?

தாராளமாக. ஆனால் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள், மெசேஜை ஃபார்வர்ட் செய்யாதீர்கள். குடும்பக் குழுவில் 'இது உண்மையா?' என்று கேட்டு லிங்கோடு போட்டால், கேள்வியைப் படிப்பதற்கு முன்பே சித்தப்பா அதைத் தட்டியிருப்பார்.