கடல் 120 மீட்டரில் இருக்கிறது, பூர்வீக வீட்டை இடித்துக் கட்டலாமா?

கேள்வி: மயிலாடுதுறை மாவட்ட மீனவக் கிராமம் ஒன்றில், அப்பா 1986-இல் கட்டிய ஓட்டு வீடு எங்களுக்கு இருக்கிறது. நத்தம் பட்டா உண்டு. அப்போது தூரத்தில் இருந்த கடல் இப்போது 120 மீட்டரில் இருக்கிறது. நானும் தம்பியும் வெளிநாட்டில் சேர்த்த 35 லட்சத்தில் வீட்டை இடித்துவிட்டுப் பெரிய மாடி வீடாகக் கட்ட நினைக்கிறோம். ஒரு தரகர், "புதுச் சட்டப்படி 50 மீட்டர் விட்டால் போதும், சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டல) அனுமதியை நான் வாங்கித் தருகிறேன், இரண்டு லட்சம் ஆகும்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம் என்று பத்தாயிரம் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அந்த 50 மீட்டர் கதையைக் கடற்கரை முழுக்க விற்கிறார்கள். 2019 ஜனவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை கிராமப்புறக் கடற்கரையை இரண்டாகப் பிரித்தது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடங்களில் கட்டுமானத் தடைப் பகுதி 50 மீட்டர். மற்ற கிராமங்களில் பழையபடி 200 மீட்டர். அந்த 50 மீட்டரும் தானாக வந்துவிடாது. அந்தப் பகுதிக்கான கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடம் புது அறிவிக்கைப்படி தயாராகி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். உங்கள் ஊர் எந்தப் பிரிவு என்பதை வரைபடம்தான் சொல்லும், தரகர் சொல்ல முடியாது.

இன்னொன்று, 120 மீட்டரை எங்கிருந்து அளந்தீர்கள்? அலை வந்து தொடும் இடத்திலிருந்து நாடா பிடித்திருந்தால் அந்தக் கணக்கு செல்லாது. தூரம் உயர் அலைக் கோட்டிலிருந்துதான், அதாவது பெரிய ஓதத்தில் தண்ணீர் ஏறி எட்டும் கோட்டிலிருந்துதான் அளக்கப்படும். அது பெரும்பாலும் தண்ணீருக்கு மேலே, கரைப் பக்கம் தள்ளி இருக்கும். உங்கள் 120 மீட்டர் வரைபடத்தில் 90 ஆகிவிடலாம்.

200 மீட்டர் பிரிவில் இருந்தாலும் உங்களுக்கு ஒரு வழி உண்டு. ஏற்கெனவே முறையாக இருக்கும் வீட்டைப் பழுது பார்க்கலாம், திரும்பவும் கட்டலாம். ஆனால் தரைப்பரப்பும் மொத்தக் கட்டடப் பரப்பும் பழைய அளவைத் தாண்டக்கூடாது. ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் பெரிய மாடி வீடு என்பது இதில் அடங்காது. முதல் அறிவிக்கை வந்ததே 1991 பிப்ரவரியில்தான். உங்கள் வீடு அதற்கு முந்தியது என்பது நல்ல பலம். பழைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்புப் பதிவு எல்லாவற்றையும் தேடி எடுத்து வையுங்கள். அவை கையில் வரும் வரை ஒரு செங்கல்லையும் பெயர்க்காதீர்கள். பழைய வீடு போய்விட்டால் அந்த உரிமைக்கு ஆதாரமும் போய்விடும்.

அடுத்து, "நீங்கள் மீனவர் ஆயிற்றே, உங்களுக்குச் சலுகை இருக்கிறது" என்பார்கள். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 200 மீட்டர் பிரிவில், உயர் அலைக் கோட்டிலிருந்து 100 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் இடையில் பாரம்பரியக் கடலோரச் சமூகத்தினர் வீடு கட்ட இடம் தந்திருப்பது உண்மை. ஆனால் அது தனி ஆளுக்குக் கிடைக்கும் உரிமம் இல்லை. மாநில அரசு அந்தச் சமூகத்தோடு கலந்து பேசி, பேரிடர்ப் பாதுகாப்பும் சுகாதார வசதியும் சேர்த்து ஒரு முழுத் திட்டம் போட வேண்டும். அந்தத் திட்டத்துக்குள்தான் வீடு வரும். திட்டம் இல்லாத ஊரில் ஒரு தரகர் உங்களுக்கு மட்டும் எப்படி வாங்கித் தருவார்? 100 மீட்டருக்குள் இருந்தால் இந்தச் சலுகையே கிடையாது. திட்டம் போட வேண்டிய அரசு வரைபடத்தையே ஒழுங்காகப் போடவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். 2023-இல் வரைபடத்தின் வரைவு மீது நடந்த கருத்துக்கேட்புக் கூட்டங்களில், எங்கள் குடியிருப்பும் வலை உலர்த்தும் இடமும் அதில் இல்லையே என்று மீனவர்கள் முறையிட வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாகக் கரையில் இருப்பவர்கள் தாங்கள் இருப்பதையே நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

ஊராட்சி ஒப்புதலை நம்பிக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குக் கொச்சி அருகே மரடுவைப் பாருங்கள். உள்ளாட்சி அனுமதியோடு எழுந்த 4 அடுக்குமாடிக் குடியிருப்புகளை, உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அனுமதி முறையானதுதான் என்று நம்பி வாங்கியவர்கள்தான் தெருவில் நின்றார்கள்.

சரி, அனுமதியே கிடைத்துவிட்டது என்று வையுங்கள். கடல் ஒத்துக்கொள்ளுமா? 1990 முதல் 2018 வரையிலான தேசியக் கடலோர ஆராய்ச்சி மைய ஆய்வில், தமிழகக் கரையில் ஏறத்தாழ 43 சதவீதம் அரிப்புக்கு உள்ளானது தெரியவந்தது. உங்கள் பக்கத்திலேயே தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோனது. வட இந்தியப் பெருங்கடலில் நீர்மட்டம் 1993 முதல் 2015 வரை ஆண்டுக்குச் சுமார் 3.3 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் சமதளமான கரையில் அதுவே புயல் அலையை இன்னும் உள்ளே ஏற விடும். அதைவிட அவசரமானது மணல். நம் கரையில் ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. நடுவில் தூண்டில் வளைவோ (கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு) துறைமுகச் சுவரோ வந்தால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றது, ராயபுரம் பக்கம் அரித்தது. உங்கள் ஊருக்குத் தெற்கே அப்படி ஒன்று இருந்தால், 35 லட்சத்தை அந்த மனையில் போடாதீர்கள். ஓர் ஊருக்குக் கல் கொட்டினால் அடுத்த ஊர் அரிக்கும் என்று தெரிந்தும் ஊர் ஊராகக் கொட்டிக்கொண்டே போகிறார்கள்.

காப்பீடு இருக்கிறதே என்றும் நினைக்காதீர்கள். பாரத் கிருஹ ரக்ஷா போன்ற பொது வீட்டுக் காப்பீடு புயல், வெள்ளம், சுனாமிக்குப் பணம் தரும். கடலரிப்பு அதில் விலக்கு. கடல் எதுவரை உள்ளே வரக்கூடும் என்று காட்டும் அரசின் ஆபத்துக் கோடு கைகொடுக்குமா என்றால், கடல் மட்ட உயர்வையும் கணக்கில் எடுத்து வரைந்த அந்தக் கோட்டை 2019 அறிவிக்கை பேரிடர்த் திட்டமிடலுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டது. ஆபத்து என்று அரசே கோடு போட்ட இடத்தில் கட்டாதே என்று அந்தக் கோடு சொல்லாது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். பழைய மனையில் அதே அளவில் எளிமையான வீடு மட்டும், தரையை உயர்த்திக் கட்டுங்கள். அதற்குமுன் சர்வே எண்ணோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவுக்கு எழுதி, எந்தப் பிரிவு, உயர் அலைக் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், கட்டணம் பத்து ரூபாய்தான். பெரிய வீட்டுக்கு 500 மீட்டருக்கு அப்பால், வாய்க்காலோ முகத்துவாரமோ ஒட்டாத மேட்டு மனை பாருங்கள். வேறு இடம் தருகிறோம் என்று யாராவது வந்தால், பழைய மனையை விட்டுக்கொடுக்கும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சுனாமிக்குப் பிறகு 2005-இல் புது வீடு வாங்கியவர்கள் கரையோர மனையை அரசுக்கு எழுதிக்கொடுக்க வேண்டும் என்றுதான் நிபந்தனை இருந்தது.