முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிடுபவர் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 42. ஐந்து வருடமாக முடக்குவாதம். வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்ஸேட் 15 மி.கி., தினமும் ப்ரெட்னிசோலோன் 5 மி.கி., கூடவே ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுகிறேன். ஒரு வருடமாக மூட்டுகள் அடங்கியிருக்கின்றன. இப்போது அலுவலகத்தில் எல்லோருக்கும் ஃப்ளூ தடுப்பூசி போடுகிறார்கள். “எதிர்ப்புச் சக்தி எகிறிப்போய்த்தானே உனக்கு இந்த நோயே வந்தது, அதை மறுபடியும் உசுப்பிவிடாதே” என்கிறார் அக்கா. “எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கத்தானே மாத்திரை சாப்பிடுகிறாய், உனக்கு ஊசி வேலையே செய்யாது” என்கிறாள் தோழி. நான் யார் பேச்சைக் கேட்பது?

பதில்: ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள். கையில் போடும் ஊசியாக இருக்கட்டும், மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே வேண்டாம். அதில் இருப்பது பலவீனப்படுத்தப்பட்ட, ஆனால் உயிருள்ள வைரஸ். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. அதனால் ஊசியிலிருந்து ஃப்ளூ வர வழியே இல்லை.

அக்கா சொல்வதும் தோழி சொல்வதும் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருப்பதைக் கவனித்தீர்களா? ஒருவருக்கு ஊசி அதிகமாக வேலை செய்துவிடுமோ என்ற பயம். இன்னொருவருக்கு அது வேலையே செய்யாது என்ற சந்தேகம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. தோழி பக்கம் சற்றுக் கூடுதலாக உண்டு.

முதலில் அக்காவின் பயம். எதிர்ப்புச் சக்தி என்பது ஒரே திருகில் கூட்டிக் குறைக்கிற ரேடியோ சத்தம் போன்றது இல்லை. உங்கள் மூட்டுச் சவ்வைத் தாக்கும் செல்களும் ஃப்ளூ வைரஸை அடையாளம் காணும் செல்களும் வேறு வேறு. வழக்கமான ஊசியில் இருப்பது வைரஸின் மேற்பரப்புப் புரதம்தான், ஒவ்வொரு வகைக்கும் 15 மைக்ரோகிராம். பெரும்பாலான ஃப்ளூ ஊசிகளில் எதிர்வினையைத் தூண்டிவிடும் துணைப்பொருள்கூடச் சேர்ப்பதில்லை. இதே வேலையை நிஜமான ஃப்ளூ செய்யும்போது வைரஸ் கோடிக்கணக்கில் பெருகி, உடம்பு முழுக்க அழற்சியைக் கிளப்பி, ஒரு வாரம் படுக்கையில் போட்டுவிடும். நோய் கிளம்பிவிடும் என்று பயப்படுபவர் பயப்பட வேண்டியது அதற்குத்தான்.

இது வெறும் தர்க்கம் இல்லை. முடக்குவாதம், உடம்பின் பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ் உள்ளவர்களுக்கு ஊசி போட்டு, நோயின் தீவிரத்தை முன்னும் பின்னும் அளந்த ஆய்வுகள் நிறைய உண்டு. ஊசியால் நோய் கிளர்ந்தெழுவது கூடியதாக அவை காட்டவில்லை. லூபஸில் சிலருக்கு ரத்தத்தில், சொந்த உடம்பையே தாக்கும் தன்னெதிர்ப்பு ஆன்டிபாடிகள் சில வாரம் ஏறி இறங்குவதைப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் அந்த ஏற்றத்தோடு நோய் ஏறவில்லை. நரம்புறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோயில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகக் கேட்கப்பட்டது. ஐரோப்பிய நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2001-இல் வெளியானது. தடுப்பூசிக்கும் நோய் திரும்பத் தாக்குவதற்கும் தொடர்பு இல்லை என்பதே அதன் முடிவு.

அப்படியானால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது? சும்மா வரவில்லை. 1976-இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலுக்கு எதிராக அவசரமாக ஒரு தடுப்பூசி இயக்கம் நடந்தது. அப்போது, நரம்புகளைத் தாக்கும் கியான்-பாரே நோய், ஊசி போட்டவர்களில் ஏறக்குறைய 1 லட்சம் பேருக்கு 1 என்ற அளவில் கூடியது. அந்த இயக்கத்தையே நிறுத்தினார்கள். பிறகு வந்த ஊசிகளில் இந்த ஆபத்து, இருந்தாலும், 10 லட்சத்துக்கு 1 அல்லது 2 என்ற அளவில்தான். ஃப்ளூ நோயால் கியான்-பாரே வரும் வாய்ப்பு அதைவிட அதிகம். 2009 பெருந்தொற்றின்போது ஐரோப்பாவில் போட்ட பாண்டெம்ரிக்ஸ் என்ற ஊசியால், ஒரு குறிப்பிட்ட மரபணு உள்ள சில பிள்ளைகளுக்கு, பகலிலேயே தூக்கம் அள்ளும் நார்கோலெப்ஸி வந்தது. பின்லாந்தும் ஸ்வீடனும்தான் அதை முதலில் கவனித்தன. அந்த ஊசி இப்போது புழக்கத்தில் இல்லை. இவை இரண்டும் நடந்த விஷயங்கள், மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஏற்கெனவே முடக்குவாதம் இருக்கும் ஒருவருக்கு, இன்றைய சாதாரண ஃப்ளூ ஊசி அந்த நோயைக் கிளப்பிவிடும் என்பதற்கு இவை சான்று ஆகாது.

தராசின் மறுதட்டில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். உங்கள் மருந்துகளால், சாதாரண ஃப்ளூ நிமோனியாவாக மாறும் வாய்ப்பு மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகம். முடக்குவாதமும் லூபஸும் இதய ரத்தக் குழாய்களையும் மெல்லப் பாதிக்கும். ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 6 மடங்கு கூடுவதாகக் கனடாவில் செய்த, 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. இருமலோடு போய்விடும் நோய் என்று ஃப்ளூவை நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை.

சரி, தோழியின் சந்தேகத்துக்கு வருவோம். மருந்துகள் ஊசியின் பலனைக் குறைக்கும் என்பது உண்மை, ஆனால் எல்லா மருந்தும் ஒரே அளவில் குறைப்பதில்லை. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பற்றிக் கவலை வேண்டாம். 5 மி.கி. ப்ரெட்னிசோலோனும் பெரிய தடை இல்லை. மூட்டு நோய்க்கே போடும் அடாலிமுமாப், எட்டனர்செப்ட் வகை ஊசி மருந்துகள் கொஞ்சம் குறைக்கும். அபாட்டாசெப்ட் இன்னும் கூடுதலாகக் குறைக்கலாம். எல்லாவற்றிலும் மோசமானது ரிட்டுக்ஸிமாப். ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களையே அது துடைத்துவிடுகிறது. அதனால்தான், “எனக்கு ஆட்டோ இம்யூன் நோய் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்கும் நோய்), ஊசி போடலாமா” என்று யாராவது கேட்டால் நோயின் பெயரைவிட மருந்துச் சீட்டை முதலில் பார்க்கிறேன். தைராய்டை மட்டும் தாக்கும் ஹாஷிமோட்டோ நோய்க்கு ஹார்மோன் மாத்திரை சாப்பிடுபவரின் எதிர்ப்புச் சக்தி மற்றவர்களுடையது போலத்தான். வெண்புள்ளி உள்ளவருக்கும் அப்படியே. டைப் 1 சர்க்கரை நோயாளிக்கு ஊசி நன்றாகவே வேலை செய்யும். ஆனால் காய்ச்சல் வந்தால் சர்க்கரை தாறுமாறாகும் என்பதால் அவருக்கு அவசியம் அதிகம்.

உங்கள் சீட்டில் கவனிக்க வேண்டியது மெத்தோட்ரெக்ஸேட். இதில் கொரியாவில் நடந்த நல்ல ஆய்வு ஒன்று உண்டு, 2018-இல் வெளியானது. முடக்குவாதம் அடங்கியிருந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் ஊசிக்குப் பிறகு 2 வாரம் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தினார்கள், மறு பிரிவினர் வழக்கம்போலச் சாப்பிட்டார்கள். நிறுத்தியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் திருப்தியான எதிர்ப்பு உருவானது. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் பாதிக்குச் சற்று மேல்தான். நிறுத்தியவர்களில் கொஞ்சம் கூடுதல் பேருக்கு மூட்டு நோய் தலைதூக்கியது, ஆனால் அந்த வித்தியாசம் புள்ளிவிவரப்படி உறுதியாகவில்லை. அமெரிக்க மூட்டுவாத மருத்துவர் சங்கத்தின் இப்போதைய வழிகாட்டுதலும், நோய் அடங்கியிருந்தால் ஃப்ளூ ஊசிக்குப் பின் 2 வாரம் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தலாம் என்கிறது.

இதில் பலர் குழம்புவது எங்கே என்றால், நிறுத்த வேண்டியது ஊசிக்குப் பின், முன்னால் இல்லை. ஆன்டிபாடி உருவாகும் அந்த நாட்களில் மருந்து குறுக்கே நிற்கக் கூடாது என்பதுதான் நோக்கம். நீங்கள் ஞாயிறுதோறும் மாத்திரை சாப்பிடுபவர் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை ஊசி போட்டால் அடுத்து வரும் இரண்டு ஞாயிறு விட்டுவிட்டு, மூன்றாவது ஞாயிறு பழைய அளவிலேயே தொடங்கலாம். விட்டதைச் சேர்த்து இரட்டிப்பாகச் சாப்பிடவே கூடாது, அது விஷமாகும். ப்ரெட்னிசோலோனையும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினையும் ஒரு நாள்கூட விட வேண்டாம். ஒரு வருடமாக அடங்கியிருப்பதால் உங்களுக்கு இந்த இடைவெளி பெரும்பாலும் ஒத்துவரும் என்று நினைக்கிறேன், ஆனால் முடிவு உங்கள் மூட்டுகளைப் பார்த்துவரும் மருத்துவருடையது. அவரிடம் கேட்ட பிறகுதான் ஊசி என்று தள்ளிப்போட வேண்டாம். அலுவலகத்தில் போடும் அன்றே போட்டுக்கொண்டு, அடுத்த மாத்திரைக்குள் அவரைத் தொலைபேசியில் கேட்டால் போதும். நிறுத்த வேண்டாம் என்று அவர் சொன்னாலும் ஊசி வீண் இல்லை. அப்புறம், இந்த விதி ஃப்ளூ ஊசிக்கு மட்டும். உயிருள்ள கிருமி இல்லாத மற்ற தடுப்பூசிகளுக்காக மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தும்படி அதே வழிகாட்டுதல் சொல்லவில்லை.

ரிட்டுக்ஸிமாப் எடுப்பவர்கள் இதைப் படித்தால்: ஃப்ளூ பருவம் வந்துவிட்டது என்றால் காத்திருக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த ரிட்டுக்ஸிமாப்பைக் குறைந்தது 2 வாரம் தள்ள முடியுமா என்று கேளுங்கள். ஊசி போட்டாலும் முகக்கவசத்தை விட்டுவிடாதீர்கள். சில நாடுகளில் முதியவர்களுக்கென்று 60 மைக்ரோகிராம் கொண்ட வீரியமான ஊசி இருக்கிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து எடுக்கும் இளையவர்களுக்கும் அது நல்லது என்பது மூட்டுவாத மருத்துவர்களின் பரிந்துரை. கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருந்து பருவத்தைத் தவறவிடுவதில் அர்த்தம் இல்லை.

பலன் எவ்வளவு? வைரஸும் ஊசியும் நன்கு பொருந்திய வருடங்களில், பொதுவாக, மருத்துவரிடம் போக வைக்கும் ஃப்ளூவை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கும். பொருந்தாத வருடத்தில் இன்னும் குறைவு. சுமாரான கவசம்தான். ஆனால் மருத்துவமனைப் படுக்கைவரை போகாமல் தடுப்பதில் அதற்குப் பங்கு உண்டு. வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இருமுறை வகைகளைத் தேர்ந்தெடுக்கிறது, வடகோளத்துக்குப் பிப்ரவரியில், தென்கோளத்துக்குச் செப்டம்பரில். போன வருட ஊசி இந்த வருடத்துக்கு உதவாது. பாதுகாப்பு வர 2 வாரம் ஆகும் என்பதால் ஃப்ளூ பரவத் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்வது நல்லது.

ஊசி போடும் முன் யார் நின்று யோசிக்க வேண்டும்? முன்பு ஃப்ளூ ஊசிக்கு மூச்சுத் திணறலோடு கடும் ஒவ்வாமை வந்தவர்கள், ஊசிக்குப் பின் 6 வாரத்துக்குள் கியான்-பாரே வந்தவர்கள், ஊசி நாளில் கடும் காய்ச்சலில் இருப்பவர்கள், மல்டிபிள் ஸ்க்லரோசிஸின் கடுமையான தாக்குதலுக்கு நடுவில் இருப்பவர்கள். முட்டை ஒவ்வாமை இப்போது தடையாகக் கருதப்படுவதில்லை. மூட்டு வீங்கியிருக்கிறது என்பது மட்டும் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மெல்லிய ஊசியால் போட்டு, தேய்க்காமல் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் போதும்.

போட்ட பிறகு கை வலிக்கும். ஓரிரு நாள் உடம்பு வலி, லேசான காய்ச்சல் வரலாம். அக்கா உடனே “நான்தான் சொன்னேனே” என்பார். இந்த வலி உடம்பு முழுக்கப் பரவலாக இருக்கும், இரண்டு நாளில் தானே அடங்கும். உங்கள் பழைய மூட்டுகளே வீங்கி, காலை விறைப்பு நீண்டு, ஒரு வாரம் ஆகியும் விடவில்லை என்றால் அது வேறு. அப்போது மருத்துவரைப் பாருங்கள், மெத்தோட்ரெக்ஸேட்டை விட்டதாலும் அப்படி வரலாம். வலிக்குப் பாராசிட்டமால் எடுக்கலாம்.

அக்காவும் ஊசி போட்டுக்கொண்டால் உங்களுக்கு அது இரண்டாவது பாதுகாப்பு. வீட்டுப் பிள்ளைகள் மூக்கு ஸ்ப்ரே எடுப்பதால்கூட உங்கள் நிலையில் உங்களுக்கு ஆபத்து இல்லை.

கடைசியாக, ஊசி போட்டவருக்கும் ஃப்ளூ வரலாம். உங்கள் ப்ரெட்னிசோலோன் ஒரு ஸ்டீராய்டு, அது காய்ச்சலை அமுக்கிவிடும் என்பதால் வெப்பமானியை மட்டும் நம்ப வேண்டாம். திடீர் உடம்பு வலி, இருமல், அசதி சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். ஓசெல்டாமிவிர் போன்ற வைரஸ் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும். காய்ச்சல் அடங்கும்வரை மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தச் சொல்லலாம், அதை அவரிடமே கேளுங்கள். ப்ரெட்னிசோலோனை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பல மாதம் சாப்பிட்ட ஸ்டீராய்டைக் காய்ச்சலின் நடுவே சட்டென்று விட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் நேராக மருத்துவமனைக்குப் போய், ஸ்டீராய்டு சாப்பிடுபவர் என்பதை முதலில் சொல்லுங்கள்.