வாய் பிளந்த வேலை ஷூ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கம்பெனிக்குப் போட்டுப்போகும் தோல் ஷூவின் முன்பக்கம் வாய் பிளந்துவிட்டது. ஃபெவிக்விக் விட்டு இரண்டு முறை ஒட்டினேன். நான்கே நாளில் மறுபடி திறந்துகொண்டது. புதிது வாங்க இப்போது வசதியில்லை. – வாசகர், ஓசூர்

பதில்: ஃபெவிக்விக் காய்ந்தால் கண்ணாடிபோல இறுகிவிடும். ஒவ்வொரு அடிக்கும் ஷூ மடிகிற இடத்தில் அது நொறுங்காமல் என்ன செய்யும்? காய்ந்த பிறகும் வளைகிற ரப்பர் பசைதான் வேண்டும். செருப்பு தைப்பவர்கள் ‘சொல்யூஷன்’ என்பார்கள். ஹார்டுவேர் கடையில் ஃபெவிபாண்ட் என்று கேட்டால் சின்ன டியூப் கிடைக்கும். மரவேலைக்கான வெள்ளை ஃபெவிக்கால் இதற்கு ஆகாது.

பாதி வேலை பழைய பசையை எடுப்பதில் இருக்கிறது. பிளவைக் கத்தி முனையால் இன்னும் கொஞ்சம் திறந்து, உள்ளே இருக்கும் மண்ணையும் காய்ந்த பசையையும் சுரண்டுங்கள். 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் சோல், தோல் இரண்டையும் சொரசொரப்பாகும்வரை தேயுங்கள். தூசியைத் துடைத்து, ஈரம் துளியும் இல்லாமல் ஒரு நாள் நிழலில் காயவிடுங்கள். அடுப்பருகே வைத்தால் தோல் வெடிக்கும்.

இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பசை தடவி, 10 முதல் 15 நிமிடம் சும்மா விடுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: ஈரப் பசையோடு அமுக்கினால் உள்ளே இருக்கும் கரைப்பான் வெளியேற வழியில்லாமல் பிடிப்பு கெடும். விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும், நுனியிலிருந்து தொடங்கி அழுத்துங்கள். பட்டதும் பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. எனவே முதலிலேயே நேராக வையுங்கள். ஷூவுக்குள் செய்தித்தாளை இறுக்கித் திணித்து, பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி வெளியே இறுகச் சுற்றி, 24 மணி நேரம் விடுங்கள். சோல் பிவிசி என்றால் ரப்பர் பசை நிற்காது. பியூ (பாலியூரித்தேன்) பசை என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: இரண்டு வருடம் அட்டைப்பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த ஷூவை எடுத்துப் போட்ட அன்றே சோல் பொடிப்பொடியாக உதிர்கிறது. ஒட்டலாமா? – வாசகி, கடலூர்

பதில்: ஒட்ட முடியாது. அது பாலியூரித்தேன் சோலாக இருக்கும். காற்றிலுள்ள ஈரம் அதை உள்ளுக்குள்ளேயே சிதைத்துவிடும்; கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். நகத்தால் அழுத்திப் பாருங்கள், கேக் துண்டுபோல் உடைந்தால் எந்தப் பசையும் வீண், பிடிக்கத் திடமான பரப்பே அங்கே இல்லை. மேல்தோல் நன்றாக இருந்தால் செருப்பு தைப்பவரிடம் ரப்பர் சோல் மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: குதிகாலின் வெளிப்பக்கம் மட்டும் தேய்கிறது. வீட்டில் சரிசெய்யலாமா? – வாசகர், சேலம்

பதில்: 3 மில்லிமீட்டர் தேய்வதற்குள் செய்தால் எளிது. தேய்ந்த சரிவை உப்புத்தாளால் சமப்படுத்தி, தேய்ந்துபோன அளவுக்குத் தடிமனுள்ள ரப்பர் ஷீட் துண்டை மேலே சொன்ன முறையில் ஒட்டுங்கள். காய்ந்த பிறகு விளிம்பை வெட்டுங்கள். முன்கூட்டி வெட்டினால் அளவு தவறும். ஆணி அடிக்க நினைத்தால், மின்வேலைக்குப் போடும் ஷூவில் வேண்டவே வேண்டாம்: ரப்பர் தருகிற காப்பு அந்த ஆணி வழியே போய்விடும்.