நீட்டு சீட்டை எடுத்துட்டு தனி சீட்டு போடலாமா?

கேள்வி: அண்ணே, என் பழைய ஹைலக்ஸ் பிக்கப் வண்டியில முன்னால ஒரே நீட்டு சீட்டுதான். பொத்தோங் கடையில, அதான் பழைய வண்டிய வெட்டி சாமான் விக்கற கடையில, ரெண்டு தனி சீட்டும் நடு கான்சோலும் (சீட்டுக்கு நடுவுல வர்ற பெட்டி) பாத்து வச்சிருக்கேன், அப்படியே மாட்டலாமா? – பட்டர்வொர்த் வாசகர்

பதில்: மாட்டலாம் தம்பி, ஆனா காசு குடுக்கறதுக்கு முன்ன டேப்பால சீட்டு ரெயில் (சீட்டு முன்பின் நகர்ற தண்டு) போல்ட் ஓட்டைய அளந்துக்குங்க, முன்பின் இடைவெளி மட்டும் இல்ல, குறுக்கு அகலமும் பாக்கணும், ஏன்னா பழைய வண்டி தரை நடுவுல மேடா இருக்கும், உள்பக்க ரெயில் அங்கதான் இடிக்கும். வெறும் தகரத்துல ஓட்டை போட்டு முடுக்கறது சுத்த பைத்தியக்காரத்தனம், வண்டி எங்கயாவது இடிச்சா போல்ட் சீட்டோட பிச்சிக்கிட்டு வரும், அடியில கெட்டியான இரும்புத் தட்டு வச்சு தலையில 8.8-னு போட்ட பலமான போல்ட் போடுங்க. சீட்டுக்கு அடியில மஞ்சள் பிளக் தொங்குச்சுன்னா அது பெரும்பாலும் ஏர்பேக் வயர், நோண்டாதீங்க. கான்சோலா, கியர மூணுலயும் ரிவர்ஸ்லயும் போட்டு பாருங்க, தட்டுனா வெட்டணும். மூணு பேர் சீட்டு ரெண்டாகுதே, அதனால ஜேபிஜே-ல (சாலை போக்குவரத்து இலாகா) மொதல்ல கேட்டுடுங்க லா.