கடலை எட்டாத கொலராடோ

கேள்வி: அமெரிக்காவின் கொலராடோ ஆறு பெரும்பாலும் கடலைச் சென்றடைவதில்லையாமே, மழை குறைந்ததுதான் காரணமா?

பதில்: அது மட்டுமல்ல. நீர்வரத்து மிகுந்திருந்த ஆண்டுகளின் அளவை நம்பி ஆற்றுநீரைப் பயன்படுத்தும் அமெரிக்க மாநிலங்கள் 1922ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் பங்கு பிரித்ததால், ஆற்றில் உண்மையில் வருவதைவிட அதிக நீர் ஏட்டளவில் பகிரப்பட்டுவிட்டது. அடிப்படைப் பிழை இதுவே. 1963இல் இந்த ஆற்றின் குறுக்கே எழுந்த கிளென் கேன்யன் அணை நீரைத் தேக்கத் தொடங்கியபின், பனி உருகிப் பெருகிவந்த செந்நிற வெள்ளம் அடங்கி, வண்டலை இழந்து குளிர்ந்து தெளிந்த நீர், மின்தேவைக்கேற்ப ஒரே நாளில் ஏறியும் இறங்கியும் ஓடலாயிற்று. மணல்திட்டுகள் கரைந்தன, வெதுவெதுப்பான கலங்கல் நீருக்குப் பழகிய மீன்கள் அருகின என்பது நெஞ்சை வருத்துகிறது. ஆற்றுக்கென்றே நீர் ஒதுக்க முடியாதா என்றால், முடியும்: 2014இல் அமெரிக்காவும் மெக்சிகோவும் உடன்பட்டு இருநாட்டு எல்லையிலுள்ள மொரேலோஸ் அணையிலிருந்து சில வாரங்கள் திறந்துவிட்ட நீர் கடலைத் தொட்டது.