ஹால்ல இருந்து பெட்ரூம் வரை ஒரே மரத்தரை, நிலைக்கிட்ட என்ன பண்றது? கேட்டவங்களுக்கு என் பதில்

பாண்டியில மரத்தரை போடுற வேலைல ரொம்ப வருஷமா இருக்கேன், லேமினேட், எஸ்பிசி (கல்தூளும் பிளாஸ்டிக்கும் சேத்து செஞ்ச பலகை) ரெண்டும் போடுவேன், கேளுங்கன்னு சொன்னதும் வந்த கேள்வில பாதிக்கு மேல கதவு நிலைய பத்திதான். நல்லது, தப்பு நடக்குற இடமும் அதுதான்.

லாஸ்பேட்டை அக்கா: தம்பி, ஹால், ரெண்டு பெட்ரூம், நடுவுல வாசல்ல சந்த மூடுற பட்டையே இல்லாம ஒரே தரையா ஓட்டிடலாம்னு ஃபிட்டர் சொல்றாரு. வீட்டுக்காரருக்கும் பட்டை பிடிக்கல. ஓட்டலாமா?

வேணாம்க்கா. இந்த தரைய ஆணியும் அடிக்கல, கீழ பசையும் போடல, ஒன்னோட ஒன்னு க்ளிக் பண்ணி ஃபோம் மேல சும்மா கிடக்குது. லேமினேட்டுக்குள்ள இருக்குறது மர நார அழுத்தி செஞ்ச எச்டிஎஃப் பலகை, ஐப்பசி கார்த்திகைல காத்துல ஈரம் ஏறுனா விரியும், ஈரம் கொறஞ்சா சுருங்கும், அதுவும் நம்ம ஊரு கடல் காத்து. அதனாலதான் சுவத்தோரம் சுத்தி 10 மிமீ விட்டு சுவத்தடியில ஓடுற ஸ்கர்ட்டிங் சட்டம் வச்சு மறைக்கிறோம். இப்ப யோசிங்க, ஹால் ஒரு பெரிய பாய், பெட்ரூம் ஒரு பெரிய பாய், ரெண்டையும் புடிச்சிருக்கிறது ரெண்டரை அடி வாசல் மட்டும். ஹால் ஒரு பக்கம் தள்ளும், ரூம் இன்னொரு பக்கம் இழுக்கும், நடுவுல மாட்டுன க்ளிக் உடையும் இல்ல உப்பும்.

எங்க அக்கா வீட்டுலயே நான் இத பண்ணேன். நமக்கு தெரியாததான்னு ஒரு திமிரு. அடுத்த மழைக்கே வாசல்ல தரை எழும்பி கதவு பாதில நின்னுடுச்சு, அப்புறம் வந்து மிஷின் வச்சு அறுத்து பட்டை போட்டேன், அக்கா இன்னிக்கும் தீபாவளிக்கு போனா சொல்லிக்காட்டும். பொதுவா லேமினேட் ஒரே ஓட்டமா 8ல இருந்து 10 மீட்டர் வரைதான், பெட்டிக்குள்ள இருக்குற பேப்பர்ல போட்டிருக்கும், ஃபிட்டர படிக்க சொல்லுங்க.

மஞ்சக்குப்பம் தம்பி: அண்ணே பட்டை சரியா எங்க வரணும்? பசையில ஒட்டிட்டா போதாதா?

கதவ சாத்துனா கதவுக்கு நேர் அடியில வரணும், அப்பதான் எந்த ரூம்ல நின்னாலும் கண்ணுல படாது. ரெண்டு தரைக்கும் நடுவுல ஒரு 20 மிமீ விடு. டி பட்டையோட (இங்கிலீஷ் T மாதிரி இருக்கும், அந்த சந்த மூடுறது) அடி ட்ராக்க கீழ இருக்குற டைல்ல இல்ல காங்கிரீட்ல ஸ்க்ரூ பண்ணு, பலகைல பண்ணாத. பட்டைய ரெண்டு பக்க பலகையோடயும் சேத்து சிலிக்கான் போட்டு ஒட்டுறவங்க இருக்காங்க, அப்படி ஒட்டுனா பட்டை போட்டும் போடாத கதைதான், ரெண்டு தரையையும் நீயே திரும்ப கட்டிப்போட்டுட்ட. அந்தப் பக்கம் பாத்ரூம் டைல் இறங்கி இருந்தா டி வேணாம், சரிவா வர்ற ரெட்யூசர் கேளு.

முத்தியால்பேட்டை சார்: தேக்கு நிலை, நெளிவு டிசைன் எல்லாம் இருக்கு. பலகைய அந்த வடிவத்துக்கு வெட்ட முடியுமா?

பலகைய வெட்டாதீங்க சார், நிலைய வெட்டணும். பயப்படாதீங்க, அடியில ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான். ஒரு துண்டு ஃபோம், அதுமேல ஒரு துண்டு பலகை தலைகீழா வச்சு, கைரம்பத்த அதுமேல படுக்க போட்டு அறுத்தா சரியான உயரத்துல வெட்டு விழும், பலகை உள்ள போய் ஒளிஞ்சுக்கும். நிலைக்கு அடியில போன பலகைக்கும் பின்னாடி இடம் வேணும், முட்டக்கூடாது. ரெண்டு பக்கமும் நிலை இருக்குற இடத்துல பலகைய சாய்ச்சு மாட்ட முடியாது, அங்க க்ளிக்கோட மேல்நோக்கி நிக்கிற உதட்ட மட்டும் உளியால சீவிட்டு, மரப்பசை தடவி, மட்டமா தள்ளி சொருகணும். ஆசாரிகிட்ட சொன்னா புரிஞ்சுக்குவாரு. கருங்கல் நிலையோ இரும்பு நிலையோன்னா வெட்ட முடியாது, 8 மிமீ விட்டு கலருக்கு ஏத்த சீலன்ட் அடைங்க.

கடலூர் ஓ.டி. (பழைய டவுன்): பழைய டைல் மேலயே போடலாமா? கழுவி விட வாட்டம் விட்டு போட்ட தரை.

வாட்டம் பிரச்சனை இல்ல, ஒரே சீரா சரிஞ்சா போகட்டும். மேடு பள்ளம்தான் ஆகாது. 2 மீட்டர் மட்டப்பலகைய வச்சு பாருங்க, அடியில 3 மிமீக்கு மேல சந்து தெரிஞ்சா தேய்க்கணும் இல்ல லெவலிங் கலவை ஊத்தணும். வாசல்ல கண்டிப்பா பாருங்க, ரெண்டு ரூம் டைலும் சேருற இடத்துல கொத்தனார் அவசரத்துல ஒரு மேடு விட்டிருப்பாரு, நடக்கும்போது அங்கதான் டொக்கு டொக்குனு சத்தம் வரும். தரைத்தளம்னா ஃபோமுக்கு அடியில 200 மைக்ரான் பாலிதீன், ஒரு ஷீட் மேல ஒன்னு 20 சென்டிமீட்டர் ஏத்தி டேப் போடணும். இன்னொன்னு, மரத்தரை போட்டப்புறம் வாளி வாளியா ஊத்தி கழுவுறத மறந்துடுங்க, ஆயுத பூஜைக்கும் சேத்துதான்.

ரெயின்போ நகர்: 2024 ஃபெஞ்சல் புயல்ல வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. எஸ்பிசி வாட்டர்ப்ரூஃப்னு கடையில சொல்றாங்களே?

பலகைக்கு ஒன்னும் ஆகாது, உண்மைதான். அதுக்கு அடியில தேங்குன சாக்கடத்தண்ணிக்கு யாரு ப்ரூஃப்? மொத்தமும் கழட்டி காயவைக்கணும். எனக்கு வர வேண்டிய வேலைதான், இருந்தாலும் சொல்றேன், டைலே போடுங்க.

வில்லியனூர்: பலகை எந்தப் பக்கமா ஓடணும்? முன்னாடியே வாங்கி வைக்கலாமா?

வெளிச்சம் வர்ற பக்கமா, இல்ல ஹாலோட நீளவாக்குல. ஆனா ஹால் சுவத்த மட்டும் நம்பாம வாசல் வழியா ரூம் வரைக்கும் நூல் பிடிச்சு பாத்துட்டு ஆரம்பிங்க. பெட்டிய பிரிக்காம, போடப்போற ரூம்லயே படுக்க வச்சு 48 மணி நேரம் விடுங்க. மாடிப்படி அடியில வைக்காதீங்க.

நெல்லிக்குப்பம்: எல்லாம் சரியா விட்டும் ஒரு ரூம் மட்டும் உப்புது அண்ணே.

கதவுக்கு பின்னாடி பாரு. மேக்னெட் ஸ்டாப்பர தரையில ஸ்க்ரூ போட்டு இறக்கியிருப்பாங்க. இல்லன்னா வார்ட்ரோப தரை மேலயே நிக்க வச்சு சுவத்தோட முடுக்கியிருப்பாங்க. ஒரு இடத்துல ஆணி அடிச்சா மொத்த பாயும் அங்க மாட்டிக்கும். ஸ்டாப்பர சுவத்துல மாத்து, வார்ட்ரோப்புக்கு முன்னாடியே தரைய நிறுத்து.

லாஸ்பேட்டை அக்கா (மறுபடியும்): எல்லாம் புரியுது தம்பி, வீட்டுக்காரர்கிட்ட என்ன சொல்றது?

ஒன்னும் சொல்லாதீங்க. பட்டைய போட்டு, கதவ சாத்திட்டு, எங்க இருக்குன்னு அவரையே கண்டுபிடிக்க சொல்லுங்க.